காசும் அச்சும்

உருவத்தில் ஒத்த இருவரைக் கண்டால், "ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கின்றனர்" என்று கூறுவது தமிழ் வழக்கு. அச்சு ஒன்றாயின் அதிலிருந்து பிறக்கும் பொருள்களும் ஒன்றாகவே இருக்கும் என்னும் எண்ணமே இவ்வழக்கிற்கு அடிப்படை. காசைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மையாகும். நாணயச்சாலையில் ஓர் அச்சினால் அடிக்கப்பெறும் ஆயிரமாயிரம் காசுகளும் அவ்வச்சின் சாயலையே தாங்கி வெளிவருகின்றன. ஆனால், அந்த அச்சிலேயே ஒரு பிழை நேர்ந்துவிட்டால் என்னாகும்? அப்பொழுதும் ஆயிரமாயிரம் காசுகள் அதன் சாயலைத் தாங்கியே வெளிவரும். தாயிடம் உள்ள ஒரு மச்சம் பிள்ளைகள் அனைவரிடமும் தோன்றினாற்போல, அச்சில் உள்ள பிழை அது ஈன்ற காசுகள் அனைத்திலும் தோன்றும்.

இவ்வாறு அச்சில் அமைந்த வேறுபாடுகளைக் காசுகளில் கண்டறிந்து தொகுப்பது ஒரு கலையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இக்கலை மிகவும் வளர்ந்துள்ளது. அங்கே சிறுவரும் முதியோரும் பூதக்கண்ணாடியைக் கையிற்கொண்டு, கடையில் பெற்ற சில்லறையையும் வங்கியில் வாங்கிய காசுச் சுருள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கின்றனர். அவர்கள் தேடுவது பொன்னையும் அன்று, வெள்ளியையும் அன்று. ஒரு சென்ட் காசின் எழுத்தோரத்தில் மறைந்து கிடக்கும் மயிரிழை வேறுபாட்டையே தேடுகின்றனர். அவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது? அது மெய்யானதே எனத் தெளிவது எவ்வாறு? இவற்றை அறிய வேண்டுமாயின், முதலில் காசு பிறக்கும் முறையை அறிதல் வேண்டும்.

காசில் அமைய வேண்டிய உருவத்தைக் கலைஞர் முதலில் பெரிய அளவில் வடிக்கிறார். முற்காலத்தில் களிமண்ணிலும் சுதையிலும் வடித்தனர். இக்காலத்தில் கணிப்பொறியின் துணையும் கொள்கின்றனர். பின்னர் அவ்வுருவம் காசின் அளவிற்குச் சுருக்கப்பட்டு, எஃகுத் தண்டு ஒன்றின் முனையில் செதுக்கப்படுகிறது. இதில் உருவமும் எழுத்தும் காசில் உள்ளவாறே மேடாக நிற்கும். இதனைத் தாய் அச்சு எனலாம். இத்தாய் அச்சை வேறோர் எஃகுத் தண்டின் முனையில் வைத்துப் பெரும் விசையுடன் அழுத்தினால், மேடாக இருந்தவை அதில் பள்ளமாகப் பதியும். இடப்புறம் இருந்தவை வலப்புறமாக மாறும். இடையே இன்னும் சில படிகள் உண்டெனினும், முடிவில் இங்ஙனம் கிடைக்கும் பள்ள உருவமே காசை அடிக்கும் அச்சாகும்.

முகப்பிற்கு ஓர் அச்சும் பின்புறத்திற்கு ஓர் அச்சும் பொறியில் எதிரெதிராகப் பொருத்தப்படுகின்றன. அவற்றின் இடையே வெறும் உலோக வில்லை வந்து விழுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் அச்சுகள் இரண்டும் வில்லையை நெருக்குகின்றன. வில்லை காசாகி வெளியே விழுகிறது. அடுத்த வில்லை உள்ளே வருகிறது. ஓர் அச்சு பல இலட்சம் காசுகளைக்கூட அடிக்கவல்லது. அது தேய்ந்த பின்னர் அதனை நீக்கிப் புதியதைப் பொருத்துவர். ஓராண்டில் ஒரு நாட்டிற்குக் கோடிக்கணக்கான காசுகள் தேவைப்படுமாதலின், ஒரே வகைக் காசிற்கே மிகப் பல அச்சுகள் வேண்டியிருக்கும். எனவே, ஒரே ஆண்டு பொறித்த ஒரே வகைக் காசுகள் எல்லாம் ஒரே அச்சில் பிறந்தவை அல்ல. அவை பல தாயரின் பிள்ளைகள். தாயர் அனைவரும் உடன்பிறந்தோர் எனலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். வில்லை சற்று விலகி விழுந்தமையால் ஒரு காசில் உருவம் பாதியே பதியலாம். அது அந்த ஒரு காசிற்கு நேர்ந்த தனிப் பிழை. அடுத்து வரும் காசு செம்மையாகவே இருக்கும். ஆனால், அச்சிலேயே ஓர் எழுத்து இரட்டித்திருந்தாலும், ஒரு கோடு அழிந்திருந்தாலும், அக்குறை அவ்வச்சு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் மாறாமல் தொடர்ந்து வரும். இதனையே அச்சு வேறுபாடு என்பர். முன்னது ஒருவர் கால் இடறியது போன்றது. பின்னது ஒரு குடும்பத்தின் முகச்சாயல் போன்றது.

அச்சுகளை முழுவதும் கையாலேயே செதுக்கிய காலத்தில் வேறுபாடுகள் மிகுதியாக இருந்தன. அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலை 1792-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் அது வெளியிட்ட முதற் சென்ட் காசுகளில், "அமெரிக்கா" என்னும் நாட்டின் பெயர் முழுமையாக இல்லை. "அமெரி" என்னும் அளவில் நின்று ஒரு புள்ளி பெற்றுள்ளது. அதன்பின் செதுக்கிய அச்சுகளில்தான் பெயர் முழுமை பெற்றது. நாட்டின் பெயரையே சுருக்கிய அந்தச் செப்புக் காசு இன்று கிடைத்தற்கரிய பொருளாகப் போற்றப்படுகிறது.

தாய் அச்சைக் கொண்டு அழுத்தும் முறை செம்மையுற்ற பின்னர், இத்தகைய வேறுபாடுகள் குறைந்தன, ஆயினும் மறையவில்லை. தாய் அச்சை ஒருமுறை அழுத்தியவுடன் உருவம் முழு ஆழத்திற்குப் பதிவதில்லை. அழுத்தத்தினால் எஃகு இறுகிவிடும். ஆகவே, அதனை மீண்டும் உலையிலிட்டு மென்மையாக்கி, இரண்டாம் முறையும் தாய் அச்சின்கீழ் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. முதல் முறை பதிந்த பள்ளத்திலேயே தாய் அச்சின் மேடு இம்மியும் பிசகாமல் சென்று பொருந்துதல் வேண்டும். சிறிதளவு திரும்பியிருப்பினும், ஒவ்வொரு எழுத்தும் அருகருகே இருமுறை பதிந்துவிடும். இங்ஙனம் உண்டாவதே இரட்டை உருவ அச்சு.

இதற்குப் புகழ்பெற்ற சான்று 1955-ஆம் ஆண்டின் லிங்கன் சென்ட் காசாகும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆபிரகாம் லிங்கனின் முகம் பொறித்த இக்காசு, அவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 1909 முதல் வழங்கி வந்தது. 1955-இல் பிலடெல்பியாவில் முகப்பு அச்சு ஒன்று, இரண்டாம் அழுத்தத்தின்போது சற்றே திரும்பிவிட்டது. அதனை எவரும் கவனிக்கவில்லை. ஓர் இரவு வேலையின்போது அவ்வச்சு பொறியில் ஏறியது. காசின் ஆண்டெண்ணும், சுதந்திரம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும், மேலே உள்ள தொடரும் கண்ணாடியின்றியே தெரியுமளவு இரட்டித்திருந்தன. ஆனால் லிங்கனின் முகம் மட்டும் பெரும்பாலும் தெளிவாகவே இருந்தது. அது ஏன்? வண்டிச் சக்கரம் சுழலும்போது நடுவில் உள்ள குடம் சிறிதே அசைகிறது. ஓரத்தில் உள்ள வட்டையோ நெடுந்தொலைவு ஓடுகிறது. அதுபோல, அச்சு திரும்பியபோது நடுவில் இருந்த முகம் மிகச் சிறிதே விலகியது; ஓரத்தில் இருந்த எழுத்துகள் மிகுதியாக விலகின.

பிழை கண்டறியப்பட்டபோது காலம் கடந்திருந்தது. ஏறத்தாழ 24,000 பிழைக் காசுகள், செம்மையான பெருந்தொகைக் காசுகளுடன் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டுமாயின், கலந்த காசுகள் அனைத்தையும் உருக்க வேண்டும். அதிகாரிகள் ஆராய்ந்து, அனைத்தையும் அப்படியே வெளியிட முடிவு செய்தனர். அக்காலத்தில் தானியங்கி விற்பனைப் பெட்டிகளில் 25 சென்ட் இட்டு 23 சென்ட் விலையுள்ள பொருளைப் பெறுவோர்க்கு, மீதி இரண்டு சென்ட் பொதியினுள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். அம்மீதிச் சில்லறையாகவே இக்காசுகள் பல மக்கள் கையை அடைந்தன என்பர். பெற்றவருள் பெரும்பாலோர் உற்று நோக்காமலே செலவிட்டனர். உற்று நோக்கிய சிலரே எடுத்து வைத்தனர். அன்று ஒரு சென்ட்டுக்குச் செலவான அக்காசு, இன்று ஆயிரம் டாலருக்கும் மேற்பட்ட விலை பெறுகிறது.

இரண்டு அழுத்தங்களுக்கு இடையே நேர்ந்த மற்றொரு குழப்பமும் உண்டு. 1941-ஆம் ஆண்டின் இறுதியில், அடுத்த ஆண்டிற்குரிய அச்சுகளும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. அப்பொழுது பத்து சென்ட் காசிற்குரிய அச்சில் முதல் அழுத்தத்தை 1941-இன் தாய் அச்சாலும், அடுத்த அழுத்தத்தை 1942-இன் தாய் அச்சாலும் இட்டுவிட்டனர். ஆகவே அக்காசில் கடைசி எண்ணாகிய 2-இன் அடியில் 1 என்னும் எண் எட்டிப் பார்க்கிறது. பழைய ஆண்டின்மேல் புதிய ஆண்டு ஏறி நிற்கும் காட்சியை அதில் காணலாம்.

அச்சு பிறக்கும்போது மட்டுமன்றி, அது உழைக்கும்போதும் வேறுபாடுகள் உண்டாகின்றன. சில வேளைகளில் இடையே வில்லை விழாமலே அச்சுகள் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அப்பொழுது ஒன்றன் உருவம் மற்றொன்றில் வடுவாகப் பதியும். பணியாளர் அவ்வடுவைத் தேய்த்து நீக்குவர். 1937-ஆம் ஆண்டில் டென்வர் நாணயச்சாலையில், ஐந்து சென்ட் காசிற்குரிய பின்புற அச்சு ஒன்றை இவ்வாறு தேய்த்தனர். அக்காசின் பின்புறத்தில் இருப்பது அமெரிக்கக் காட்டெருமை. தேய்த்தவர் அளவு மீறிவிட்டமையால், வடுவோடு எருமையின் முன்கால் ஒன்றும் அழிந்தது. அவ்வச்சில் பிறந்த காசுகளில் எருமை மூன்று கால்களுடன் நிற்கிறது. கால் இழந்த அந்த எருமை, நான்கு கால் எருமைகள் எட்ட முடியாத விலையை எட்டியது.

காசு எந்த நாணயச்சாலையில் பிறந்தது என்பதைக் காட்ட ஒரு சிறு குறி இடுவது பல நாடுகளில் வழக்கம். இந்திய நாணயங்களிலும் ஆண்டெண்ணின் கீழே இக்குறியைக் காணலாம். ஐதராபாத்தின் குறி விண்மீன். மும்பையின் குறி சாய்சதுரம். நொய்டாவின் குறி புள்ளி. குறி ஏதும் இல்லையாயின் அது கொல்கத்தாவில் பிறந்தது. அமெரிக்காவில் டென்வருக்கு "டி" என்னும் ஆங்கில எழுத்தும், சான் பிரான்சிஸ்கோவிற்கு "எஸ்" என்னும் எழுத்தும் குறிகளாகும். பிலடெல்பியாவின் காசுகள் நெடுங்காலம் பெரும்பாலும் குறியின்றியே வந்தன. இக்குறியைத் தாய் அச்சில் சேர்க்காமல், ஒவ்வோர் அச்சிலும் தனித்தனியே சிற்றுளி போன்ற கருவியை வைத்துக் கையால் தட்டிப் பதித்து வந்தனர். கை பதித்ததாகையால், அதில் கைப்பிழையும் நேர்ந்தது. சில அச்சுகளில் குறி சாய்ந்தது. சிலவற்றில் இருமுறை பதிந்தது. 1944-ஆம் ஆண்டின் சென்ட் காசுகள் சிலவற்றில் "எஸ்" என்னும் குறியின்மேல் "டி" என்னும் குறி பதிந்திருப்பதைக் காணலாம்.

1922-ஆம் ஆண்டின் சென்ட் காசு, சிந்திப்பவர்க்கு ஒரு நல்ல புதிர். அவ்வாண்டில் டென்வரில் மட்டுமே சென்ட் காசு அடிக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு காசிலும் "டி" இருத்தல் வேண்டும். ஆனால் குறியே இல்லாத 1922 காசுகளும் கிடைத்தன. பிலடெல்பியா அவ்வாண்டில் சென்ட் அடிக்கவில்லையாதலின், அவையும் டென்வரில் பிறந்தவையே என்பது உறுதி. தேய்ந்தும் தேய்க்கப்பட்டும் போன முகப்பு அச்சில் அக்குறி மறைந்துவிட்டதே காரணம் என்பது தெளிந்தது. அந்நாட்டு நாணய வரலாற்றை அறிந்தவர்க்கே இப்புதிர் புதிராகத் தோன்றும். அறியாதவர்க்கு அதுவும் ஒரு பழைய சென்ட், அவ்வளவே.

புழக்கத்தில் உள்ள காசுகளில் மட்டுந்தான் இத்தகைய வேறுபாடுகள் கிடைக்குமோ என்று ஐயுறலாம். நாணயத் தொகுப்போர்க்கெனவே நாணயச்சாலை தனித் தொகுதிகளை விற்பதுண்டு. ஓராண்டில் அடித்த புதிய காசுகளை, எவர் கையும் படாமல் உறையிலிட்டு விற்கும் தொகுதி, 1947-ஆம் ஆண்டுக் காசுகளிலிருந்து அமெரிக்காவில் தொடங்கியது. மெருகேற்றிய வில்லையை மெருகேற்றிய அச்சினால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து, கண்ணாடி போல் ஒளிரச் செய்த காசுகளின் தொகுதி வேறு. இவை மிகுந்த கவனத்துடன் உருவாக்கப்படுபவை. ஆயினும் இவற்றையும் மனிதக் கைகளே உருவாக்குகின்றன. எனவே இவற்றிலும் பிழை புகுந்தது.

1965 முதல் 1967 வரை அமெரிக்காவில் சில்லறைத் தட்டுப்பாடு காரணமாக வழக்கமான தொகுதிகள் நிறுத்தப்பட்டன. அவற்றுக்கு மாற்றாகச் சிறப்புத் தொகுதி ஒன்று விற்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டின் சிறப்புத் தொகுதிகள் சிலவற்றில் உள்ள அரை டாலர் காசில் ஒரு குறை காணப்படுகிறது. அக்காசின் பின்புறத்தை வடித்த கலைஞர் பிராங்க் காஸ்பாரோ. கழுகின் வால் இறகின் அருகே அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு மிகச் சிறிதாக இருத்தல் வேண்டும். அச்சை மெருகேற்றியவர் அளவு மீறித் தேய்த்தமையால் அவ்வெழுத்துகள் அழிந்தன. காசை அழகுபடுத்த முயன்ற கையே, அதனைப் படைத்தவரின் பெயரை நீக்கிவிட்டது. 1972-இல் டென்வர் அரை டாலரிலும், 1982-இல் பிலடெல்பியா அரை டாலரிலும் இதே குறை நேர்ந்தது. அவை சிறப்புத் தொகுதிக்கெனச் செய்யப்பட்டவை அல்ல, புழக்கத்திற்கென அடித்தவை. தொகுதிக் காசும் புழக்கக் காசும் பிறந்த இடத்தில் வேறுபட்டிருக்கலாம்; அச்சின் இயல்பில் அவை வேறுபடுவதில்லை.

மெருகுக் காசுத் தொகுதிகளில் நேர்ந்த மற்றொரு பிழை, குறி இட மறந்தமையாகும். சான் பிரான்சிஸ்கோவில் அடித்த இக்காசுகளில் "எஸ்" இருத்தல் வேண்டும். ஆனால் 1968, 1970, 1975, 1983 ஆகிய ஆண்டுகளின் பத்து சென்ட் காசுகள் சிலவும், 1971-இன் ஐந்து சென்ட் காசுகள் சிலவும் அக்குறியின்றி வெளிவந்துள்ளன. இவற்றுள் 1975-ஆம் ஆண்டின் குறியற்ற பத்து சென்ட் காசு இரண்டே அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று 2019-இல் 4,56,000 டாலருக்கு ஏலம் போயிற்று. புழக்கக் காசிலும் இத்தகைய மறதி நேர்ந்ததுண்டு. பிலடெல்பியாவின் பத்து சென்ட் காசில் 1980 முதல் "பி" என்னும் குறி இடப்பட்டு வந்தது. 1982-இல் ஓர் அச்சில் அக்குறியை இட மறந்தனர். ஒஹையோ மாநிலத்தில் அக்காசுகள் பல புழக்கத்தில் கண்டெடுக்கப்பட்டன. இருக்க வேண்டியது எது என்பதை அறிந்தவரே, இல்லாததைக் காண முடிந்தது. இத்தகைய பிழைகளைத் தவிர்க்கும் வகையில், 1985-இல் மெருகுக் காசுகளிலும், 1990, 1991 ஆண்டுகளில் புழக்கக் காசுகளிலும், குறியைத் தாய் அச்சு நிலையிலேயே சேர்க்கும் வழக்கம் கொள்ளப்பட்டது.

பிழைக்கு விலை உண்டென்று தெரிந்தவுடன், பிழையைச் செயற்கையாகச் செய்வோரும் தோன்றினர். நான்கு கால் எருமையின் ஒரு காலை அராவி எடுத்து, மூன்று கால் எருமை என்று விற்றனர். 1922 காசின் "டி" என்னும் எழுத்தைச் சுரண்டி எடுத்துக் குறியற்ற காசு என்று விற்றனர். இவ்வஞ்சனையை வெல்லும் கருவி எது? அச்சைப் பற்றிய அறிவே அக்கருவி. உண்மையான மூன்று கால் எருமைக் காசில், எருமையின் வயிற்றிலிருந்து தரையை நோக்கிச் சிறு சிறு புள்ளிகள் மேடாக நிற்கின்றன. அவ்வச்சில் இருந்த சிறு குழிகள் தந்தவை அவை. அராவுவதால் காசில் உள்ளதைக் குறைக்கலாமேயன்றி, இல்லாத மேட்டை எழுப்ப இயலாது. ஒவ்வோர் அச்சிலும் இத்தகைய கீறல், வெடிப்பு, குழி முதலிய நுண்ணிய அடையாளங்கள் உண்டு. மனிதனுக்குக் கைரேகை போல அவை அச்சிற்கு அமைந்தவை. ஒரே அச்சின் காசுகள் அனைத்திலும் அவை ஒத்திருக்கும், போலியில் ஒத்திரா.

வஞ்சனையின் நிழல் உண்மையின் மீதும் விழுவதுண்டு. 1969-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த சென்ட் காசுகளுள் மிகச் சில, 1955-ஐப் போலவே இரட்டை உருவம் கொண்டிருந்தன. ஆனால் அதே காலத்தில், 1969 என்னும் ஆண்டெண் இரட்டித்த போலிக் காசுகளைச் சிலர் செய்து பரப்பியிருந்தனர். கள்ளக் காசைத் தடுக்கும் பொறுப்புடைய அரசின் இரகசியக் காவல் துறையினர், மெய்யான காசுகளையும் போலியென்று கருதிப் பறிமுதல் செய்தனர். பின்னரே அவை நாணயச்சாலையில் பிறந்தவையே என ஒப்புக்கொள்ளப்பட்டது. சிலர் செய்த பொய்யினால், உண்மையைக் கையில் வைத்திருந்தவர் குற்றவாளி போல் நிற்க நேர்ந்தது. 2007-ஆம் ஆண்டில் அத்தகைய காசு ஒன்று, பிரிக்கப்படாத பழைய காசுச் சுருளில் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டில் 1,26,500 டாலருக்கு விலைபோயிற்று.

மெய்யான 1969 காசை அறிவது எவ்வாறு? அதிலும் அச்சின் பிறப்பே வழிகாட்டுகிறது. தாய் அச்சால் இரண்டு முறை அழுத்தியபோது, ஆண்டெண்ணும் எழுத்துகளும் இரட்டித்தன. "எஸ்" என்னும் குறியோ, அழுத்தம் முடிந்த பின்னர்க் கையால் ஒருமுறை பதிக்கப்பட்டது. ஆகவே மெய்யான காசில் மற்ற எழுத்துகள் இரட்டித்திருக்க, குறி மட்டும் ஒற்றையாகவே இருக்கும். குறியும் சேர்ந்து இரட்டித்திருந்தால், அது இரட்டை உருவ அச்சில் பிறந்தது அன்று. பொறியில் அச்சு தளர்ந்து ஆடியமையால், அடிக்கும்போது அந்த ஒரு காசில் உருவம் இழுபட்டுத் தோன்றுகிறது என்று கொள்ள வேண்டும். இவ்வாறு இழுபட்ட எழுத்தின் ஓரம் படிக்கட்டுப் போலத் தட்டையாக இருக்கும். மெய்யான இரட்டை எழுத்தோ உருட்சியுடன் இரண்டாகப் பிரிந்து நிற்கும். முன்னது மிகச் சாதாரணமானது. அதற்குத் தனி விலை இல்லை. புதிதாகத் தேடுவோர் இவ்விரண்டையும் மயங்குவதே பெரும் ஏமாற்றத்திற்குக் காரணமாகும்.

இக்கலைக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நல்ல வெளிச்சமும், பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கண்ணாடியும், பொறுமையும் போதும். காசை விளிம்பில் பிடித்தல் வேண்டும். முகத்தில் விரல் படுதல் ஆகாது. காசைத் தேய்த்துத் துலக்குதலும் ஆகாது. துலக்கினால், அச்சு தந்த இயல்பான பொலிவும் நுண்ணிய அடையாளங்களும் அழிந்துவிடும். காசின் மதிப்பும் அழியும். ஒரு காசை ஐயுற்றவுடன் முடிவு செய்யாமல், அதே ஆண்டின் வேறொரு காசை அருகில் வைத்து ஒப்பிட்டு நோக்குதல் நன்று. நூறு காசுகளைப் பார்த்தும் ஒன்றும் கிட்டாமல் போவதே பெரும்பாலும் நிகழ்வது. ஆயினும் அந்த நூறும் வீணாவதில்லை. செம்மையான காசு எவ்வாறு இருக்கும் என்பதை அவையே கற்பிக்கின்றன.

இத்தேடல் பழங்கதையாகிவிடவும் இல்லை. 1990-களின் பிற்பகுதியில், அச்சை ஒரே அழுத்தத்தில் முடிக்கும் முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. இனி இரட்டை உருவம் தோன்றாது என்றே பலரும் எண்ணினர். ஆனால் லிங்கன் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 2009-இல் வெளிவந்த காசு ஒன்றில், மரக்கட்டையின்மேல் அமர்ந்து நூல் படிக்கும் இளம் லிங்கனின் கையில் விரல் ஒன்று கூடுதலாகத் தோன்றியது. அதற்கு முன், 2004-இன் இறுதியில், விஸ்கான்சின் மாநிலத்தைச் சிறப்பிக்கும் கால் டாலர் காசில் சோளக்கதிரின் இடப்புறம் ஓர் இலை மிகுந்திருப்பதை மக்கள் கண்டனர். ஒரு வகையில் அவ்விலை மேல்நோக்கியும், மற்றொரு வகையில் கீழ்நோக்கியும் இருந்தது. கருவி தவறிப் பட்டதனால் நேர்ந்ததா, எவரேனும் வேண்டுமென்றே செய்ததா என்பதில் அறிந்தோரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

1793 முதல் அடிக்கப்பட்டு வந்த சென்ட் காசைப் புழக்கத்திற்கென அடிப்பதை அமெரிக்கா 2025-ஆம் ஆண்டு நவம்பரில் நிறுத்திவிட்டது. அதனை அடிக்க ஆகும் செலவு அதன் மதிப்பினும் பன்மடங்கு மிகுந்துவிட்டதே காரணம். ஆயினும் பெட்டிகளிலும் சாடிகளிலும் கோடி கோடியாகச் சென்ட் காசுகள் உறங்குகின்றன. எத்தனையோ கைகளைக் கடந்தும் எவர் கண்ணிலும் படாத வேறுபாடுகள் அவற்றில் இன்னும் இருத்தல் கூடும்.

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். நெஞ்சில் விளங்கும் நேர்மையும் நாணயம். அச்சு வேறுபாடு தேடுவோர்க்கு இவ்விரண்டும் வேண்டும். அராவிய காசை மெய்யென்று விற்பவன் ஒருவனை மட்டும் ஏமாற்றுவதில்லை; பின்னர் மெய்யான காசைக் கொணரும் ஒவ்வொருவர் மீதும் ஐயம் விழச் செய்கிறான். தன் காசு போலியோ, சாதாரணமானதோ எனத் தானே முதலில் ஆராய்ந்து, கண்டதைக் கண்டவாறு கூறுபவன், காசின் வரலாற்றைக் காப்பவனாகிறான். ஓர் அச்சின் பிழை ஆயிரம் காசுகளில் தொடர்வது போலவே, ஒருவர் நேர்மையும் அவர் கைப்பட்ட ஒவ்வொன்றிலும் தொடரும்.